1603 பிழை: பழைய ஆல்பம் மென்பொருள் முக்கால்வாசி வரை போய்த் திரும்பி விடுகிறது

மழைக்குருவி

வணக்கம் நண்பர்களே. வீட்டுக் கணினி, விண்டோஸ் 10, 64 பிட். சமீபத்தில்தான் சுத்தமாக விண்டோஸ் போட்டது. நிழற்படங்களை ஆல்பமாக அடுக்கும் பழைய மென்பொருள் ஒன்றை இதில் ஏற்றப் பார்க்கிறேன். உரிமக் குறியீடு கையில் இருக்கிறது. செய்தவர்கள் அதைக் கைவிட்டுப் பல வருடமாகிறது, கேட்க ஆளில்லை. பழைய கணினியில் எந்தத் தகராறும் இல்லாமல் ஓடியது.

இங்கே பச்சைக் கோடு முக்கால்வாசி வரை நன்றாகவே போகிறது. அப்புறம் நின்று, மெல்லப் பின்னால் வருகிறது. கடைசியில் ஒரு பெட்டி: நிறுவும்போது கடும் பிழை, எண் 1603. அவ்வளவுதான், வேறு ஒரு சொல் இல்லை.

அட்மினாக இயக்கிப் பார்த்தேன், ரீஸ்டார்ட் செய்தேன், ஆன்டிவைரஸை நிறுத்தியும் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை.

நெடுஞ்சாலை

காம்பேட்டிபிலிட்டி மோடில் விண்டோஸ் 7 வைத்துப் பாருங்கள். ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடு, அதற்கான கிளீனர் ஒன்றையும் ஓட்டி விடுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் விண்டோஸை மறுபடி போடுவதுதான் வழி. நான் வருடத்துக்கு ஒருமுறை போட்டு விடுவேன், பிரச்சினையே வராது.

திருகாணி

நெடுஞ்சாலை, சுத்தமாகப் போட்ட விண்டோஸை எதற்கு மறுபடி போடுவது? பிழை தெரியாமல் மாற்றிப் போட்டால் அதே பிழைதான் புது வீட்டிலும் வந்து உட்காரும். ரெஜிஸ்ட்ரி கிளீனர் வேண்டவே வேண்டாம். 1603 எதனால் வந்தது என்று அதற்குத் தெரியாது, ஆனால் தேவையான ஏதாவது ஒன்றை அழிக்கத் தெரியும்.

மழைக்குருவி, 1603 என்பது காரணம் அல்ல. உள்ளே எந்தப் படி தோற்றாலும் விண்டோஸ் இன்ஸ்டாலர் கடைசியில் கைவிரிக்கும் எண் அது. கோடு பின்னால் போவது ரோல்பேக்: அதுவரை வைத்த கோப்புகளை எல்லாம் அதுவே எடுத்துவிட்டு வெளியேறுகிறது. ஆகவே பாதி நிறுவிய குப்பை பெரும்பாலும் மிஞ்சாது.

மைக்ரோசாஃப்ட் தன் ஆவணத்தில் இந்த எண்ணுக்கு முக்கியமாகச் சொல்லும் காரணங்கள் கொஞ்சம்தான். அதே மென்பொருள் ஏற்கெனவே இருப்பது. நிறுவ நினைக்கும் கோப்புறை என்கிரிப்ட் செய்யப்பட்டிருப்பது. நிறுவும் டிரைவ் உண்மையான டிரைவாக இல்லாமல், வேறொரு கோப்புறைக்கு டிரைவ் எழுத்துக் கொடுத்து உண்டாக்கியதாக இருப்பது. சிஸ்டம் என்ற கணக்குக்கு அந்தக் கோப்புறையில் முழு உரிமை இல்லாமல் போவது. இந்தக் கடைசியைப் பலர் கவனிப்பதில்லை. இன்ஸ்டாலர் சேவை உங்கள் பெயரில் ஓடுவதில்லை, சிஸ்டம் கணக்கில்தான் ஓடுகிறது. நீங்கள் அட்மினாக இருந்தாலும் சிஸ்டத்துக்கு அங்கே நுழைய உரிமை வேண்டும்.

மூன்று விவரம் சொல்லுங்கள். ஜிப் கோப்புக்குள்ளிருந்தே செட்டப்பை இரட்டைக் கிளிக் செய்தீர்களா, வெளியே விரித்த பிறகா? எங்கே நிறுவுகிறீர்கள்? செட்டப் கோப்போடு வேறு என்னென்ன கோப்புகள் இருக்கின்றன?

அரைகுறை

ஜிப் கேள்வி சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் நான் பார்த்த பாதி நிறுவல் பஞ்சாயத்து அங்கேதான் முடியும். ஜிப்புக்குள் இருந்தே திறந்தால் விண்டோஸ் செட்டப்பை மட்டும் தற்காலிக இடத்துக்கு எடுத்துப் போகும், பக்கத்தில் இருந்த கேப் கோப்பு, அதாவது நிறுவ வேண்டியவற்றைச் சுருக்கி அடைத்த கோப்பு, வராது. செட்டப் பாவம், துணை இல்லாமல் தேடிக்கொண்டிருக்கும்.

மழைக்குருவி

விரித்த பிறகுதான் இயக்கினேன். புரோகிராம் ஃபைல்ஸ், வழக்கமான இடம். டிரைவ் எழுத்து எதையும் மாற்றவில்லை, என்கிரிப்ஷனும் இல்லை. கோப்புறையில் செட்டப் ஒன்று, எம்எஸ்ஐ (விண்டோஸ் இன்ஸ்டாலர் படிக்கும் நிறுவல் கோப்பு) ஒன்று, பெரிய கேப் கோப்பு ஒன்று. நெடுஞ்சாலை சொன்ன காம்பேட்டிபிலிட்டி மோடும் போட்டேன். அதே இடத்தில்தான் நின்று திரும்புகிறது.

நிலாமுற்றம்

மன்னிக்கவும், நடுவில் புகுகிறேன். எனக்கு 1618 என்று வருகிறது. இதே பிரச்சினைதானா?

அரைகுறை

இல்லை நிலாமுற்றம், உங்களுடையது எளிது. வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது, அது முடியட்டும் என்று பொருள். விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒரே நேரத்தில் இரண்டை நிறுவாது. பெரும்பாலும் பின்னணியில் ஏதாவது அப்டேட் ஓடும். காத்திருங்கள். வெகுநேரம் ஆகியும் விடவில்லை என்றால் ரீஸ்டார்ட். கவனம், ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது அல்ல. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று உண்டு. அது ஷட்டவுனில் விண்டோஸின் உள்நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு, ஆன் செய்ததும் அதையே எடுத்துத் தொடரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

நிலாமுற்றம்

ரீஸ்டார்ட் கொடுத்ததும் போய்விட்டது! தினமும் ஷட்டவுன் செய்கிறேனே, பிறகு ஏன் என்று குழம்பிக்கொண்டிருந்தேன். நன்றி.

நெடுஞ்சாலை

மழைக்குருவி, சேஃப் மோடில் போய் நிறுவிப் பாருங்கள். அங்கே வேறு எதுவும் குறுக்கே வராது.

திருகாணி

சேஃப் மோடில் விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவையே இயல்பாக ஓடாது. எம்எஸ்ஐ வகை நிறுவல் அங்கே தொடங்கவே தொடங்காது.

இனி ஊகம் போதும், லாக் எடுப்போம், அதாவது நிறுவல் படிப்படியாக என்ன செய்தது என்ற பதிவு. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து அந்தக் கோப்புறைக்குப் போங்கள். எம்எஸ்ஐஎக்ஸெக் என்ற கட்டளை, இடைவெளி, ஸ்லாஷ் ஐ, எம்எஸ்ஐ கோப்பின் பெயர், அப்புறம் ஸ்லாஷ் எல் ஸ்டார் வி, கடைசியில் லாக் எழுத வேண்டிய கோப்பின் முழு முகவரி. எல்லாம் ஆங்கில எழுத்தில், இடைவெளி விட்டு. கடைசியில் உள்ள வி இருந்தால்தான் ஒன்று விடாமல் எழுதும்.

மழைக்குருவி

செய்தேன். "இதை நேரடியாக இயக்கக் கூடாது, செட்டப் வழியாக வாருங்கள்" என்று சொல்லி எம்எஸ்ஐ கதவைச் சாத்திவிட்டது.

திருகாணி

பழைய தயாரிப்புகள் சிலது அப்படித்தான். அதற்கும் வழி உண்டு. எந்த வழியாக நிறுவினாலும் லாக் எழுதும்படி விண்டோஸுக்கே சொல்லிவிடலாம்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசிஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்று வரிசையாக இறங்குங்கள். அங்கே இன்ஸ்டாலர் என்று ஒரு கீ இல்லாவிட்டால் உருவாக்குங்கள். அதற்குள் லாக்கிங் என்ற பெயரில் ஒரு ஸ்ட்ரிங் மதிப்பு. மதிப்பாக இட வேண்டியது வாய்ஸ்வார்மப், இடைவெளி இல்லாமல் சின்ன ஆங்கில எழுத்துகளில். ஏதோ பாட்டு வகுப்பு போல இருந்தாலும் அதில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு வகைத் தகவலை லாக்கில் சேர்க்கச் சொல்கிறது.

பிறகு செட்டப்பை வழக்கம்போல இயக்கித் தோற்க விடுங்கள். உங்கள் டெம்ப் கோப்புறையில், அதாவது தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் இடத்தில், எம்எஸ்ஐ என்று தொடங்கும் லாக் கோப்பு ஒன்று புதிதாக இருக்கும். வேலை முடிந்ததும் அந்த மதிப்பை மறக்காமல் நீக்குங்கள். இல்லாவிட்டால் எதை நிறுவினாலும் ஒரு லாக் சேர்ந்துகொண்டே போகும்.

பெங்குயின்பக்கம்

லினக்ஸுக்கு வாருங்கள், விண்டோஸ் நிரல்களை அங்கே ஓட்டும் வைனில் ஓடும். இதெல்லாம் எதற்கு?

அரைகுறை

பெங்குயின், எந்த இழையிலும் உங்களைக் காணாமல் இருந்ததில்லை.

மழைக்குருவி

லாக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான வரிகள். மேலிருந்து படிக்கத் தொடங்கி, தலை சுற்றி நிறுத்திவிட்டேன். முழுவதையும் இங்கே ஒட்டட்டுமா?

திருகாணி

வேண்டாம். அதில் உங்கள் கணக்கின் பெயர், கணினியின் பெயர், கோப்புறை முகவரி எல்லாம் இருக்கும். சில நேரம் உரிமக் குறியீடுகூட அப்படியே கிடக்கும்.

மேலிருந்து படிக்கவும் வேண்டாம். தேடல் பெட்டியில் ரிட்டர்ன் வேல்யூ 3 என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். ஒவ்வொரு படியும் முடியும்போது லாக் ஒரு மதிப்பு எழுதும். 1 என்றால் ஒழுங்காக முடிந்தது. 2 என்றால் பயனர் ரத்து செய்தது. 3 என்றால் தோற்றது. முதல் 3 எங்கே வருகிறதோ அதற்கு மேலே உள்ள பத்துப் பதினைந்து வரிகள்தான் நமக்கு வேண்டும். அதற்குப் பின்னால் வரும் பிழைகளைப் பார்க்காதீர்கள், அவை முதல் தோல்வியின் எதிரொலி.

மழைக்குருவி

கிடைத்தது. முதல் 3-க்குச் சற்று மேலே பிழை 1722 என்று இருக்கிறது. அதற்கும் மேலே அவர்களுடைய ஏதோ ஒரு நிரல் எழுதிய வரி. முகவரியைத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன்:

சி:\யூசர்ஸ்\???????\ஆப்டேட்டா\லோக்கல்\டெம்ப்\ என்ற இடத்தைத் திறக்க முடியவில்லை.

அந்தக் கேள்விக்குறிகள் நான் மறைத்தவை அல்ல. லாக்கிலேயே அப்படித்தான் இருக்கின்றன.

திருகாணி

பிடித்துவிட்டோம் என்று நினைக்கிறேன். விண்டோஸில் உங்கள் கணக்கின் பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்திருக்கிறீர்களா? பழைய கணினியில் ஆங்கில எழுத்தில் இருந்ததா?

மழைக்குருவி

இரண்டுக்கும் ஆமாம்! ஆனால் ஒன்று புரியவில்லை. அதே லாக்கில் மேலே டெம்ப்ஃபோல்டர் என்ற வரியில் என் பெயர் அழகாகத் தமிழிலேயே இருக்கிறதே?

திருகாணி

அதுதான் சாட்சி. டெம்ப்ஃபோல்டர் வரியை எழுதியது விண்டோஸ் இன்ஸ்டாலர். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோட் அதற்குத் தெரியும். கேள்விக்குறி வரியை எழுதியது உங்கள் மென்பொருளைச் செய்தவர்கள் உள்ளே வைத்த குட்டி நிரல். 1722 என்பதே, நிறுவலின் நடுவே ஓடவிட்ட ஒரு நிரல் ஒழுங்காக முடியவில்லை என்ற அறிவிப்பு. அது பழைய முறையில் எழுதப்பட்டிருக்கிறது, யூனிகோட் பேசத் தெரியாது.

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது நம்மவர்களுக்கு மட்டும் அதிகமாக வரும் சங்கடம். விண்டோஸில் ஒரு நிரல் கோப்பு முகவரியை இரண்டு விதமாகக் கேட்கலாம். ஒன்று யூனிகோடில். மற்றது கோட் பேஜ் என்ற பழைய குறிமுறையில். ரஷ்ய எழுத்துக்கு 1251, கிரேக்கத்துக்கு 1253, அரபிக்கு 1256, தாய் மொழிக்கு 874 என்று விண்டோஸில் கோட் பேஜ் உண்டு. அதனால் ரஷ்ய அமைப்பில் உள்ள கணினியில் ரஷ்யப் பெயர் வைத்தவருக்குப் பழைய நிரலும் ஓடிவிடும். தமிழுக்கு அப்படி ஒன்று கொடுக்கப்படவே இல்லை. விண்டோஸ் 2000-இல் தமிழ் வந்தபோதே நேராக யூனிகோடில்தான் வந்தது. எனவே பழைய நிரல் உங்கள் பெயரைக் கேட்டால், கோட் பேஜில் இல்லாத ஒவ்வொரு குறியீட்டுக்கும் பதிலாக விண்டோஸ் ஒரு கேள்விக்குறியைத் தருகிறது. கோப்புப் பெயரில் கேள்விக்குறி வரவே கூடாது என்பது விண்டோஸ் விதி. அப்புறம் எந்தக் கோப்புறை திறக்கும்?

அட்மினாக இயக்கியும் ஏன் பயனில்லை என்பதும் இதில் அடங்கும். நீங்களேதான் அட்மின் என்றால் உரிமை கூடுகிறதே தவிர கணக்கு மாறுவதில்லை. டெம்ப் கோப்புறையும் அதேதான்.

அரைகுறை

விண்டோஸை மறுபடி போட்டிருந்தால் மறுபடியும் தமிழில் பெயர் வைத்திருப்பார். மறுபடியும் 1603.

நெடுஞ்சாலை

சரி சரி, புரிகிறது. அப்படியானால் யூசர்ஸ் கோப்புறைக்குள் போய் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் மாற்றிவிட்டால் முடிந்ததே?

திருகாணி

அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். அந்த முகவரி ரெஜிஸ்ட்ரியில் ஒரே ஓர் இடத்தில் இருப்பதில்லை. எந்தக் கணக்குக்கு எந்தக் கோப்புறை என்று குறித்து வைத்த புரொஃபைல் பட்டியலில் இருக்கிறது, ஏற்கெனவே நிறுவிய மென்பொருள்கள் ஆங்காங்கே எழுதி வைத்திருக்கின்றன, ஷார்ட்கட்களிலும் இருக்கிறது. கோப்புறையை மட்டும் மாற்றினால் அடுத்த முறை உள்நுழையும்போது விண்டோஸ் உங்களை அடையாளம் தெரியாமல் தற்காலிகப் புரொஃபைலில் விட்டுவிடும். டெஸ்க்டாப் காலியாக நிற்கும். கோப்புகள் எல்லாம் போயிற்று என்று பயந்துவிடுவீர்கள்.

இப்போதைக்கு எளிய வழி: சி டிரைவில் டெம்ப் என்று ஆங்கில எழுத்தில் ஒரு கோப்புறை உருவாக்குங்கள். ஸ்டார்ட்டில் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் என்று தேடி, உங்கள் கணக்குக்கான பகுதியில் டெம்ப், டிஎம்பி என்ற இரண்டையும் அந்தக் கோப்புறைக்கு மாற்றுங்கள். இரண்டையும் மாற்ற வேண்டும். சில நிரல் ஒன்றைப் பார்க்கும், சில மற்றதைப் பார்க்கும். பழைய மதிப்பை எங்காவது எழுதி வையுங்கள். வெளியேறி மறுபடி உள்நுழைந்து செட்டப்பை இயக்குங்கள். ஆன்டிவைரஸையும் திரும்ப ஆன் செய்யுங்கள், அதன் மேல் குற்றம் இல்லை.

மழைக்குருவி

நிறுவிவிட்டது!! கோடு கடைசி வரை போய் முடிந்தது என்று சொல்லிவிட்டது.

ஆனால் திறந்தால் எம்எஸ்விசிபி100 என்ற டிஎல்எல் இல்லை என்கிறது. வலையில் தேடினால் அந்த ஒரு கோப்பை மட்டும் தரும் தளங்கள் நிறைய வருகின்றன. எடுத்துப் போடலாமா?

அரைகுறை

ஐயோ, வேண்டாம். அந்தத் தளங்களில் யார் எதைக் கலந்து வைத்திருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அது விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2010 ரன்டைமின் கோப்பு, அதாவது அந்தக் கருவியால் செய்த நிரல்கள் ஓடத் தேவையான துணைத் தொகுப்பில் ஒன்று. 100 என்ற எண்தான் அடையாளம். மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே 2010-க்கான ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பு இலவசமாக இருக்கிறது. 2015 முதல் வந்தவற்றுக்கு ஒரே தொகுப்பு போதும். ஆனால் அது 2010-க்கு ஈடாகாது, தனியாகத்தான் போட வேண்டும்.

இன்னொன்று. உங்கள் விண்டோஸ் 64 பிட் என்பதற்காக எக்ஸ் 64-ஐ மட்டும் எடுக்காதீர்கள். இவ்வளவு பழைய மென்பொருள் அநேகமாக 32 பிட்டாகத்தான் இருக்கும், அதற்கு எக்ஸ் 86 வேண்டும். சந்தேகமாக இருந்தால் இரண்டையும் போடுங்கள், ஒன்றோடொன்று சண்டை போடாது.

மழைக்குருவி

எக்ஸ் 86 போட்டதும் திறந்துவிட்டது. பழைய ஆல்பங்கள் எல்லாம் தெரிகின்றன. புதிதாக ஒன்றை டாக்குமென்ட்ஸில் சேமிக்கப் போனால் மட்டும் "இடம் கிடைக்கவில்லை" என்கிறது. டி டிரைவில் சேமித்தால் எடுத்துக்கொள்கிறது. இதுவும் அதே கதைதானே?

திருகாணி

அதேதான். டாக்குமென்ட்ஸும் உங்கள் பெயருள்ள கோப்புறைக்குள்தான் இருக்கிறது. டெம்ப்பை மாற்றியது நிறுவலுக்கு மட்டும் உதவும்.

கோலப்பொடி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ரீஜன் அமைப்பில் நிர்வாகப் பகுதிக்குப் போய், யூனிகோட் அல்லாத நிரல்களுக்கான மொழியை மாற்றும் இடத்தில் யூடிஎஃப்-8 பயன்படுத்து, பீட்டா என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் பழைய நிரலுக்கும் தமிழ் தெரியும். எனக்கு ஒரு நிரல் அப்படித்தான் சரியானது.

திருகாணி

உண்மைதான், சில நேரம் உதவும். ஆனால் அது கணினி முழுவதற்குமான மாற்றம். ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று கணக்குப் போட்டு எழுதிய நிரல்கள் தடுமாறலாம். யூனிகோடை பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் எடுக்கும், "கி" என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்து ஆறு பைட். பழைய முறை நிரல்களில் முகவரிக்கு வழக்கமான உச்சவரம்பு 260 பைட். நீளமான கோப்புறைப் பெயர்கள் இரண்டு மூன்று சேர்ந்தாலே முட்டிவிடும். ஒரு நிரலுக்காக அதை மாற்ற நான் தயங்குவேன்.

என் யோசனை புதிய கணக்கு. லோக்கல் கணக்காக, ஆங்கில எழுத்தில் சிறிய பெயரோடு உருவாக்குங்கள். புரொஃபைல் கோப்புறைக்கு விண்டோஸ் அந்த முதல் பெயரைத்தான் எடுத்துக்கொள்ளும். அதில் ஒருமுறை உள்நுழைந்த பிறகு, கன்ட்ரோல் பேனலில் கணக்கின் பெயரைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உள்நுழையும் திரையில் தமிழ்ப் பெயர் வரும், உள்ளே கோப்புறை ஆங்கிலத்திலேயே இருக்கும். பெயரைப் பின்னால் மாற்றினால் கோப்புறை மாறாது என்று பலர் குறைப்பட்டுக்கொள்வார்கள். நமக்கு இங்கே அதுவே வசதி.

கோலப்பொடி

இது நல்ல யோசனை. அந்தக் கட்டத்தைப் போட்ட பிறகு என் பழைய அகராதி நிரல் ஒன்றில் எழுத்து உடைகிறது, ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது. நானும் மாறிவிடுகிறேன்.

மழைக்குருவி

புதிய கணக்கு உருவாக்கிவிட்டேன். மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டுமா? பழைய கணக்கில் உள்ள படங்களை எப்படி எடுப்பது?

திருகாணி

முதலில் புதிய கணக்கின் ஸ்டார்ட் மெனுவில் தேடிப் பாருங்கள். எல்லாப் பயனருக்கும் என்று நிறுவியிருந்தால் அங்கேயும் இருக்கும், உரிமக் குறியீடு மட்டும் மறுபடி கேட்கலாம். இல்லாவிட்டால் செட்டப்பை ஒருமுறை இயக்குங்கள். இந்தக் கணக்கில் டெம்ப் முகவரி ஆங்கிலத்தில்தான் இருக்கும், எதையும் மாற்ற வேண்டியதில்லை.

படங்களுக்கு, புதிய கணக்குக்கு அட்மின் உரிமை கொடுத்து, யூசர்ஸுக்குள் உள்ள பழைய கோப்புறையைத் திறங்கள். அனுமதி கேட்கும், கொடுங்கள். நகர்த்தாமல் நகல் எடுங்கள். எல்லாம் வந்துவிட்டதா என்று திறந்து பார்த்த பிறகு பழைய கணக்கை நீக்குவது பற்றி யோசிக்கலாம். ஆப்டேட்டாவை அப்படியே தூக்கி வைக்காதீர்கள், பழைய முகவரிகள் அதற்குள்ளும் இருக்கும்.

மழைக்குருவி

ஸ்டார்ட் மெனுவிலேயே இருந்தது. குறியீடு கேட்டது, கொடுத்தேன். டாக்குமென்ட்ஸில் சேமிக்கிறது. படங்கள் நகலாகிக்கொண்டிருக்கின்றன. லாக்கிங் மதிப்பையும் நீக்கிவிட்டேன். எல்லோருக்கும் மிக்க நன்றி, குறிப்பாகத் திருகாணி அவர்களுக்கு.

நெடுஞ்சாலை

என் கணினியில் ஒரு பிரின்டர் மென்பொருள் வெகுநாளாக 1603 காட்டிக்கொண்டிருக்கிறது. என் கணக்கின் பெயர் ஆங்கிலத்தில்தான். லாக் எடுத்துக்கொண்டு புது இழை தொடங்கட்டுமா?

திருகாணி

தொடங்குங்கள். முதல் 3-க்கு மேலே உள்ள வரிகளை மட்டும், பெயர்களை நீக்கிவிட்டுப் போடுங்கள்.